கடலுக்கு முதுகு காட்டியவள்

நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில் வாந்தியெடுத்தே துவண்ட சந்திரமதி, இனிக் கடலின் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தாள். மலாயா சுதந்திரம் பெற்ற வாரம் மலாக்காவின் காஜா பேராங்கில் யாரும் வீட்டில் தங்கவில்லை. கணவர் கலியாணசுந்தரம் அவளையும் பிள்ளைகளையும் திரிஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் திணித்துத் தெங்கேரா கடற்கரைக்குக் கொண்டுபோனார். அவள் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"திரும்பிப் பாரேன் சந்திரா, கடிச்சிடாதுலா!"

"நீங்களே பாருங்க."

முதுகுக்குப் பின்னால் கடல் ஏறியதை அவள் கவனிக்கவில்லை.

"அம்மா, புளிச்சோறு போவுது!"

மிதந்துபோன தூக்குச்சட்டியைத் துரத்திப் புடவையோடு பாய்ந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் அதைப் பிடித்ததும் ஓர் அலை மோதியது. விழுந்து எழுந்து சிரித்தாள்.

"ஏங்க, இது கப்பல் மாதிரி குமட்டலைங்க! வாங்க, எல்லாரும் வாங்க!"

அதன்பின் ஞாயிறானால் கடற்கரைக்கு முதலில் கிளம்புபவள் அவள்தான். தூக்குச்சட்டி மட்டும் கணவர் மடியில் இருக்கும்.