கழுவாத கீரையோடு திருவொற்றியூருக்கு

காலை ஆறரைக்கு ராயபுரத்தில் அண்ணாச்சி வீட்டு வாசலில் இறங்கினேன். ஓசூரிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மடியில் கீரைப் பெட்டி. 2004இல் எங்கள் பசுமைக்குடிலில் பச்சையாகத் தின்னும் லெட்டூஸ் கீரை போட்டிருந்தோம். அண்ணாச்சி கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றுபவர். பூஞ்சாண மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சோதித்த தாள் இருந்தால்தான் எடுப்பேன் என்றிருந்தார். நான் மருந்து அடித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். மருந்து டப்பாவில் போட்டிருந்த, பறிக்குமுன் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கைச் சரியாகத்தான் படித்தேனா என்று வழியெல்லாம் யோசனை. தாள் கிடைக்காவிட்டால் குடிலில் நிற்பதெல்லாம் குப்பை.

அண்ணாச்சி மனைவி ஜெபமணி அக்காவுக்கென்று, கிளம்பும் அவசரத்தில் என் மனைவி அதே பாத்தியில் பறித்துப் பையில் திணித்த நான்கு கொத்தைக் கொடுத்துவிட்டு, குளித்து, இட்லி சாப்பிட்டேன்.

எட்டரைக்குத் திருவொற்றியூருக்கு ஆட்டோ. போகவர நூறு ரூபாய். ஏழு கிலோமீட்டர்தான், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம்.

"இன்னா நைனா, பொட்டிய கொயந்த மாரி வச்சிகினு கீற?" என்றார் ஓட்டுநர் பாபு.

சோதனைக்கூடத்தில் சுமதி என்ற வியாசர்பாடிப் பெண் பெட்டியைத் திறந்தார்.

"இன்னாண்ணே, பளபளன்னு கீது? கழுவினீங்களா?"

"மூணு தண்ணி விட்டேம்மா. மேல் இலையெல்லாம் கிள்ளிட்டேன்." எங்கள் பக்கம் அப்படிச் செய்யாமல் கீரை சந்தைக்குப் போகாது.

"போச்சு. மருந்தே மேலதாண்ணே இருக்கும். இத்த வச்சா பேப்பர் நல்லா வரும், ஆனா பொய்யா வரும். பறிச்ச மாதிரியே வேணும்."

ஓசூர் போய்த் திரும்ப நேரமில்லை; நாளை மறுநாள் சனிக்கிழமை கப்பல் கிளம்பிவிடும். அப்போதுதான் அக்காவுக்குக் கொடுத்த பை நினைவுக்கு வந்தது. அது கழுவாத கீரை. சோதனைக்கூடத்துத் தொலைபேசியிலேயே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கீரையத் தண்ணியில போட்டாச்சா?"

"இப்பதான் சட்டிய எடுத்தேன். என்ன தம்பி, குடுத்தத திருப்பிக் கேக்கியளா?"

"தொடாதீங்கக்கா!"

பாபு ஆட்டோவைத் திருப்பினார். "கலீஜா இருந்தாதான் டெஸ்ட்டா? அப்ப என் வண்டிய எத்தினிவாட்டி வோணா டெஸ்ட் பண்லாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவியது தேறிவிடும். இது தேறுமா?

பதினொன்றரைக்குப் பை சுமதி கைக்குப் போனது. அவர் பொடியாக நறுக்கவில்லை. நறுக்கினால் மருந்து சிதைந்துவிடுமாம். பெரிய துண்டுகளாகக் குடுவையில் போட்டு அமிலம் விட்டுக் காய்ச்சினார். அதில் கிளம்பும் ஆவி ஒரு கரைசலை மஞ்சளாக்கும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு மருந்து. கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் மஞ்சள் தெரிந்ததும் கண்ணாடியைத் தட்டிவிட்டேன்.

"மஞ்சளானாலே ஃபெயிலு இல்லண்ணே. போய் டீ குடிங்க," என்று கதவைத் திறந்து விரட்டினார்.

நான்கு மணிக்குத் தாளோடு வந்தார். "வரம்புல பாதிகூட இல்ல."

"நீங்களா இருந்தா சாப்பிடுவீங்களாம்மா?" கேட்டிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை.

மிச்சமிருந்த கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, வெளிக்குழாயில் கழுவி, வாயில் போட்டார். "அய்ய, கசக்குது! இத்தப் போயி கப்பல்காரன் துன்றானா?"

ஊரில் மருந்தடித்த நாளை விரல்விட்டு எண்ணி, போயிருக்கும் என்று நம்பி விற்றுவிடுவோம். அந்தப் பெண் பேசாமல் கழுவிய கீரையை வாங்கியிருந்தால், நான் நல்ல தாளோடும் தீராத பயத்தோடும் ஊர் திரும்பியிருப்பேன். முகம் சுளித்தாலும், சுமதி அந்த இலையைத் துப்பவில்லை.