டாக்டர் எலிசாளும் இரண்டு சீட்டுக் காரும்

எலிசாள் நாகர்கோவிலில் பிறந்து, மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து, திருவனந்தபுரத்தில் பிரசவம் பார்த்துப் பெயரெடுத்தவள். கரமனையில் ஒரு வீடு, ஆரியசாலையில் ஒரு வீடு, பேட்டையில் ஒரு வீடு என்று தினமும் அலைச்சல். போக வர ஜட்காதான். ஜட்காக்காரன் குதிரையைச் சமாதானம் செய்து கிளப்புவதற்குள், அந்த வருஷம் மட்டும் மூன்று குழந்தைகள் அவளுக்குக் காத்திராமல் பிறந்துவிட்டன. கார் வாங்கியே ஆக வேண்டும் என்று 1934-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் முடிவு செய்தாள்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புவதற்கு முன் தன் காரை விற்க இருந்தார். பந்தயத்துக்கென்று செய்த சிவப்புக் கார். பதினோரு வயசு. இரண்டே சீட்டு, ஒரு பக்கம் மட்டும் கதவு. உள்ளே உட்கார்ந்தால் சாலையில் போகிற ஆட்டுக்குட்டியின் முகம் நம் முகத்துக்கு நேரே வரும்.

துரை நேர்மையானவர். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தினசரி உபயோகத்துக்குச் சரிப்படும் என்றால் மட்டும் வாங்குங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எலிசாளுடன் இருந்த தங்கை ராகேல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காரை மூன்று முறை சுற்றி வந்து பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள ஏறணுமா, இறங்கணுமா?"

"ஒக்காந்து பாருட்டி. நல்ல சொகமா இருக்கும்."

"எனக்குக் காலு இருக்கு. நான் நடந்து போய்க்கிடுகேன்."

திங்கட்கிழமை மழை பெய்தது. காரின் மேல்துணியை இழுத்து மூடப் போனபோது அது கையோடு வந்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்டியரிங் என்று எலிசாள் நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நோயாளியின் தாயார் முதலில் டாக்டருக்குத்தான் தலை துவட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை இன்னொன்று தெரிந்தது. ஹாண்டில் போட்டுச் சுற்றினால் கார் கிளம்பாது; இறக்கத்தில் உருட்டிவிட்டால் மட்டும் கிளம்பும். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் மேடு தேடி நிறுத்த ஆரம்பித்தாள். கரமனை அக்கிரகாரத்தில் மேடு ஏது? புதன்கிழமை அங்கே மாட்டிக்கொண்டபோது, குளித்து மடியாக நின்ற ஆண்கள் எல்லோரும் தொடாமலே யோசனை சொன்னார்கள். கடைசியில் பெண்கள்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, சிரித்துச் சிரித்துத் தெருக்கோடி வரை தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த பட்டாபி கரமனையிலிருந்து ஓடி வந்தார்.

"டாக்டரே, ஒண்ணு வேகம் வரணும். லலிதாவுக்கு விடியக்காலம் வலி எடுத்தது, இப்போ அப்படியே நின்னுடுத்து."

எலிசாள் போய்ப் பரிசோதித்தாள். பயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. பட்டாபியின் மனைவி லலிதாம்பாளைத் தலையணை வைத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்த்தினாள். பட்டாபிக்கு இடமில்லை. பின்னால் கட்டியிருந்த ஸ்டெப்னி சக்கரத்தின் மேல் ஏறி, குடையும் கையுமாக உட்கார்ந்துகொண்டார். புதன்கிழமை தள்ளிய பெண்களே மறுபடியும் வந்து தள்ளிக் காரைக் கிளப்பிவிட்டார்கள்.

பந்தயக் காரின் ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கும். கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் லலிதாம்பாளுக்கு நின்றுபோன வலி முழு மூச்சாகத் திரும்பிவிட்டது. ஆரியசாலையில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே கார் இருமி, நின்றது.

"டாக்டர், என்னால முடியாது" என்றாள் லலிதாம்பாள்.

"முடியாண்டாம். இங்கயே பாத்துக்கிடலாம்" என்றாள் எலிசாள், பையைத் திறந்துகொண்டே.

எதிரே மொத்த அரிசிக்கடை. முதலாளி கோமதிநாயகம் ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"ஏய், கோணியப் பூராக் கொண்டாந்து சுத்திக் கட்டுங்கடே! ஆம்பளையெல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க! வீட்டுல சொல்லி வெந்நி கொண்டாரச் சொல்லு!"

கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையைக் கேட்டதும் தெருவே கைதட்டியது. முதுகைக் காட்டி நின்றிருந்த பட்டாபிக்குக் கண்ணீரும் கவலையும் ஒன்றாக வந்தன.

"ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாளே, குழந்தை எங்கே பொறந்துதுன்னு. நான் என்னன்னு சொல்றது?"

"நம்ம கடை வாசல்லன்னு தைரியமாச் சொல்லுங்க, சாமி" என்றார் கோமதிநாயகம்.

தாயையும் குழந்தையையும் அவர் தன் வில்வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அன்று மாலை எலிசாள் தீர்மானித்துவிட்டாள். மழைக்கு ஆகாது, சமதரைக்கு ஆகாது, மூன்றாவது ஆளுக்கு ஆகாது. ராகேல் அந்தத் தீர்ப்பை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை காலை துரை வந்தார். எலிசாள் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவள் கவனிக்காமல் விட்ட இரண்டு குறைகளை அவரே எடுத்துச் சொன்னார். பிறகு காரை எடுத்துப்போக ஏறி உட்கார்ந்தார். கார் அசையவில்லை.

தள்ளுவதற்குத் துரைதான் பலசாலி. அதனால் அவர் இறங்கிப் பின்னால் போக, எலிசாள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ராகேலும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை கொடுத்தாள். இறக்கத்தில் கார் உறுமிக் கிளம்பியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அன்று பேட்டையில் இரண்டு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள், நேரமும் ஆகிவிட்டது, காற்று முகத்தில் அடித்தது. எலிசாள் நிறுத்தவில்லை.

மத்தியானம் அவள் திரும்பியபோது, துரை உள்ளே உட்கார்ந்து ராகேல் போட்ட மூன்றாவது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கொள்கிறேன்" என்றாள் எலிசாள், தலைமயிரைச் சரிசெய்தபடி.

"குறைகள்?" என்றார் துரை.

"எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன."

யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வரும்வரை ஏழு வருஷம் அவள் அதை ஓட்டினாள். அதற்குப் பிறகு சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள்.