தயிருக்கு ஒரு சொட்டு அயோடின்

சுங்கை லாலாங் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவரைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். மொடமொடவென்று கஞ்சி போட்ட அவருடைய வெள்ளைச் சட்டை, அவர் திரும்பிய பிறகுதான் திரும்பும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய அயோடின் புட்டி இருக்கும். மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் நீலமாகிவிடும் என்று சந்தைக்கே பாடம் நடத்துவார்.

ஒருநாள் தயிர்க்கார அக்காவின் கடையில் நான் வரிசையில் நின்றபோது வந்தார்.

"என்ன தங்கச்சி, தயிர் இவ்வளோ கெட்டியா இருக்கு? மாவு கலந்தியா?"

எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் பாத்திரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அக்காவின் முகம் சுருங்கியது. அன்றைக்கு விற்காத தயிர் மாலைக்குள் புளித்துவிடும்.

"ஊத்திப் பாருங்கண்ணே," என்று ஒரு கரண்டி தயிரைத் தட்டில் வைத்து நீட்டினார்.

அண்ணன் புட்டியைத் திறந்து சாய்த்தார். முதல் சொட்டு தவறி அவர் சட்டைக் கையில் விழுந்தது. இரண்டாவது தயிரில் விழுந்தது. தயிர் லேசாக மஞ்சளானதோடு சரி. சட்டைக் கை கருநீலமாகிவிட்டது.

"கலப்படம் உங்க சட்டையிலதான் லா, அண்ணே!"

வரிசை சிரித்தது. பாத்திரங்கள் மறுபடி முன்னால் வந்தன. அவர் மட்டும் சிரிக்காமல் சட்டைக் கையை உற்றுப் பார்த்தார்.

"அயோடின் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார்.

அடுத்த ஞாயிறும் சட்டைக் கையில் அதே இடத்தில் அதே நீலக் கறையோடு வந்து, தயிர்க்கடை முன்னால் நின்று எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டினார்.

"இதுல நீலம் வந்துச்சு. தங்கச்சி தயிர்ல வரல. நம்பி வாங்குங்க."

அயோடின் கறை பொதுவாகச் சில நாளில் மங்கிவிடும், ஒரு துவைப்பில் போய்விடும். ஆனால் மாதங்கள் ஆகியும் அவர் சட்டையில் அது அப்படியே இருக்கிறது. வாராவாரம் வீட்டிலிருந்தே ஒரு சொட்டு விட்டுக்கொண்டு வருகிறாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.