மருந்து வந்த பிறகு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் வாயைத் திறக்கவே வேலை இருந்ததில்லை. இருவருக்கும் சேர்த்து அவர் மனைவியே பேசிவிடுவாள். தையல் கடை வைத்திருந்தவள். "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அப்புறம் சட்டைக்குள்ள மூச்சே விட முடியாது" என்று சிரிக்க வைத்தே சரியான இடுப்பளவை வாங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சட்டையின் இரண்டு கைகளையும் உள்ளும் புறமுமாக மாற்றித் தைத்துவிட்டாள். அவர் கேலி செய்தார், அவளும் சிரித்தாள். ஆனால், கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி "இது எதுக்குங்க?" என்று அவள் கேட்டபோது அவர் உடனே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். மறதி நோய் என்றார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். கடையை மூடினார்கள்.

சில வருடம் போயிற்று. வெளியூரில் இருந்த மகள் போனில் மூச்சிரைக்கச் சொன்னாள்: "அப்பா, புது மருந்து வந்திருக்காம்! மூளையில படியிற கசடைக் கரைக்குதாம். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது நோயைப் போக்காது. ஆரம்பத்துலயே குடுத்தா வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டாங்க. மூளையில அங்கங்க ரத்தம் வேற கசிஞ்சிருக்கு. குடுத்தா உயிருக்கே ஆபத்தாயிடலாம்."

"நாங்க சீக்கிரமா வந்திருந்தா?"

"நீங்க சீக்கிரமாத்தான் வந்தீங்க. அப்ப மருந்து வரலை."

யார்மேலாவது கோபப்பட முடிந்தால் தேவலை என்றிருந்தது. யாரும் சிக்கவில்லை.

ரத்தத்தைக் கொண்டே இந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மனைவியின் ரத்தம் அதற்கு உதவும், அவளுக்குப் பலன் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். மகளை நினைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். மனைவியையும் கேட்டார்கள்.

"எடுத்துக்கோங்க, உள்ள சும்மாதானே சுத்திக்கிட்டிருக்கு" என்றாள் பழைய வாயோடு.

ரத்தம் எடுத்து முடித்ததும், ஆய்வில் பதிந்துகொள்ள, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரிடம் கேள்விகள் கேட்டார்கள். தானாகக் குளிக்கிறாரா? பொத்தான் போட்டுக்கொள்கிறாரா? வீட்டு ஆட்களைத் தெரிகிறதா? முதலில் மழுப்பினார்.

"உள்ளதைச் சொன்னாத்தான் சார் பிரயோஜனம்" என்றாள் கேள்வி கேட்ட பெண்.

சொன்னார். குளிப்பாட்டிவிடுவதைச் சொன்னார். பொத்தான் போட்டுவிடுவதைச் சொன்னார். போன வாரம் மகளின் குரல் கேட்டு "யாரு பேசறது?" என்று அவள் விசாரித்ததையும் சொன்னார்.

மனைவிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஏங்க, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்றீங்களா?"

"கோள் இல்லம்மா..."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"



ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், போனார்கள். அதே அறை, அதே கேள்விகள். இந்தத் தடவை அவர் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி, போன தடவை போல அவள் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று முகத்தையே பார்த்துப் பார்த்துச் சொன்னார். அவள் யாரோ யாரைப் பற்றியோ பேசுவதைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.