வித்தியாதரிசி வந்த மாரி

வாவிக்கரையில் பள்ளிக்கூடம் நடத்துகிறவனைப் போல மழைக்குப் பயப்படுகிறவன் வேறு எந்தத் தொழிலிலும் இருக்க மாட்டான். வேளாண்மைக்காரனுக்கு மழை வேண்டும். வாவி பெருகினால் மீன்காரனுக்கு வலை நிறையும். ஐப்பசி பிறந்தால் ஆசிரியனுக்குத்தான் வகுப்பு வெறுமையாகும். இதை வாசிக்கிறவர்களில் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு மாரியாவது படிப்பித்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், உங்கள் ஊரில் உங்களைப் படுத்துகிற காலம் எதுவோ அதை நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் அந்தச் சிறு பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்பு ஆசிரியனாகப் போனது ஒரு புரட்டாதிக் கடைசியில். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அப்பா தச்சுவேலை செய்தவர். பட்டம் என்னவென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. மகனுக்கு நனையாத வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் அவருக்குப் பெருமை. ஆனால் வேலை தற்காலிகம். பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரியான வித்தியாதரிசி, தை பிறக்குமுன் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். முக்கால் பங்குப் பிள்ளைகளாவது வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் வாசிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அப்பாவிடம் போய் என்ன சொல்வது என்று நான் ஐப்பசியிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒழுக்கு

பள்ளிக்கூடத்துக்குத் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த கூரை. மாரிக்கு முன் புதுக் கிடுகு போட வேண்டும் என்று தலைமையாசிரியர் பூபாலபிள்ளை மேலிடத்துக்கு எழுதியிருந்தார். பதில் வருமுன் மாரி வந்துவிட்டது. ஒழுக்கு விழும் இடத்தைப் பார்த்து, பிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகைகளை நகர்த்தி நகர்த்தி, கார்த்திகை நடுவில் என் எட்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே மூலையில் வந்து சேர்ந்தன. மூன்றாம் வகுப்பு ஆசிரியை காய்ச்சலில் படுத்திருந்தபடியால் இரண்டும் என் பொறுப்பாயின.

நான் எட்டாம் வகுப்பாரிடம் இலங்கைப் படத்தைக் காட்டி ஆறுகளின் பெயரைக் கேட்பேன். மூன்றாம் வகுப்பில் பாக்கியம் என்று ஒரு பெண்பிள்ளை. அவள் தன் சிலேட்டில் இருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்லிவிடுவாள். சில நாட்களில் எட்டாம் வகுப்பார் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். கேள்வி கேட்டால் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். அவர் எத்தனையோ மாரி கண்டவர், எதற்கும் பதறமாட்டார்.

"மழை விட்டதும் அவளை மறக்காம மூணாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பிப் போடுங்க, தம்பி. இல்லாட்டி தாய் வந்து என்னோட சண்டைக்கு நிப்பா."

பன்றிக் காவல்

என் வகுப்பில் தடங்கலில்லாமல் வாசிக்கிறவன் கந்தசாமி. வித்தியாதரிசி வந்தால் முதலில் அவனைத்தான் எழுப்புவது என்று நான் முடிவு செய்திருந்தேன். பயிர் முளைத்து ஒரு சாண் உயர்ந்த சமயம் அவன் காணாமல் போனான். ஒரு பின்னேரம் அவன் வீடு தேடிப் போனேன். வழியில் காற்று என் குடையை மறுபுறமாகத் திருப்பிவிட்டது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு போய் நின்றேன். தாய் தங்கம்மா தலை துவட்ட ஒரு துவாய் தந்தாள். கந்தசாமி உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே தங்கள் வயல்வெளியான வட்டையில், தகப்பனோடு வயலுக்குப் பன்றிக் காவல் நிற்கிறான் என்றாள்.

கல்வியின் அருமையைப் பற்றி நான் ஒரு பேச்சு ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். முழுவதையும் சொன்னேன். அவளும் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான், வாத்தியார். உங்கட பள்ளிக்கூடம் மாசியிலயும் அங்கதான் நிக்கும். காவல் இல்லாட்டி எங்கட பயிர் நிக்குமா?"

தேகப்பயிற்சி

மாரியிலும் தேகப்பயிற்சி தவறக்கூடாது என்று மேலிடத்துக் கட்டளை. எங்கள் விளையாட்டு மைதானம் வாவியை ஒட்டியது. கார்த்திகையில் மைதானம் எது, வாவி எது என்று வேலிக் கட்டைகளைப் பார்த்துத்தான் சொல்லலாம். ஒரு நாள் மழை சற்று ஓய்ந்தது. கட்டளைக்குப் பயந்த நான், முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கவும் குதிக்கவும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அப்படியொரு சந்தோசத்தை நான் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

இரண்டு முறை குதித்திருப்பார்கள். மைதானத்தின் மறு கோடியில் வீச்சுவலையைத் தோளில் போட்டபடி நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கோபமில்லாமல், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார்:

"வாத்தியார், புள்ளைகள் குதிச்சா மீன் கலையுது. நான் ரெண்டு வலை எறிஞ்சிட்டுப் போறன், மறுகா நீங்க ஆட விடுங்க."

வெண்பனி

எங்களுக்கு விதிக்கப்பட்ட ஆங்கில வாசகப் புத்தகத்தில் மாரிகாலம் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் மழை இல்லை. வானத்திலிருந்து வெண்பனி விழுகிறது, மரம் இலையுதிர்க்கிறது, பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். வெண்பனியை நானும் கண்டதில்லை என்பதை வகுப்பில் சொல்லிவிட்டேன். கொழும்பில் சர்பத்துக் கடையில் பார்த்த ஐஸ் கட்டியை வைத்து, இயன்ற அளவு விளக்கினேன்.

பள்ளிவாசல் தெருவிலிருந்து வரும் உதுமான் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பாடத்தில் அவனுக்கு அவ்வளவு கவனம் வந்து நான் கண்டதில்லை. "சேர், வீட்டுக் கூரை மட்டுக்கும் பனி விழுந்தாலும் அங்க பள்ளிக்கூடம் வைப்பாங்களா?" என்று கேட்டான். வைப்பார்கள் என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அப்ப நாங்க இஞ்சயே இருக்கிறம், சேர்."

நித்திரை

அந்த வருடம் திருவெம்பாவையும் ரமழான் நோன்பும் சேர்ந்து வந்தன. வகுப்பில் பாதிப்பேர் விடியுமுன் எழும்பிக் குளித்துச் சங்கும் சேகண்டியுமாகத் தெருத் தெருவாய்ப் பாடிவிட்டு வந்தவர்கள். மறு பாதிப்பேர் அதற்கும் முன்பே எழும்பிச் சாப்பிட்டு நோன்பு பிடித்தவர்கள். வெளியே ஒரே சீரான மழை. நான் பெருக்கல் வாய்பாடு சொல்லச் சொன்னேன். ஏழாம் வாய்பாடு பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் இந்தப் பக்க வாங்கிலும் அந்தப் பக்க வாங்கிலும் பிள்ளைகள் ஒரே மாதிரிச் சாய்ந்து கிடந்தார்கள்.

பிரம்பை எடுத்து மேசையில் தட்டப் போனேன். வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"விடுங்க, தம்பி. சண்டை சச்சரவில்லாம ரெண்டு பக்கமும் ஒரே நேரம் ஒரே வேலை செய்யுது. இதுக்கு மேல நாம என்னத்தைப் படிப்பிக்கிற?"

ஆற்றுவாய்

வாவி கடலோடு சேரும் இடத்தை அங்கே ஆற்றுவாய் என்பார்கள். அதை மணல்திட்டு அடைத்துக்கொண்டு கிடக்கும். மாரி கடுத்தால் அந்தத் திட்டை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் வெள்ளம் கடலுக்கு இறங்கும். இல்லாவிட்டால் பயிர் அழுகும். வெட்டும் நாளைக் குறிப்பவர் வட்டை விதானையார். வயல்களின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பானவர். அவர் பறையடித்துச் சொன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போயாக வேண்டும். தகப்பனுக்கு ஏலாவிட்டால் மகன், மகன் இல்லாவிட்டால் மைத்துனன். யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆள் வராத வீட்டைப் பற்றித்தான் வருடம் முழுக்கப் பேச்சு.

வித்தியாதரிசி புதன்கிழமை வருகிறார் என்று கடிதம் வந்தது. அன்று பின்னேரமே தெருவில் பறை கேட்டது: ஆற்றுவாய் வெட்டும் புதன்கிழமைதான். தகப்பன்மாரெல்லாம் வயலில் நின்றார்கள். ஆகவே மண்வெட்டி தூக்கப் போவது என் எட்டாம் வகுப்பு. நான் விதானையார் வீட்டுக்கு ஓடி, ஒரேயொரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். என் வேலை விசயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை வளவுக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வேலியின் பாதிவரை ஏறி நின்ற வெள்ளத்தைக் காட்டினார்.

"தம்பி, இந்தத் தண்ணிக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அது ஓம் எண்டா எனக்கு ஒண்டுமில்ல."

வாங்கு நிறைந்தது

தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் போய் வந்தார். புதன்கிழமை வாங்கு வெறுமையாகக் கிடந்தால் இந்த வாத்தியாருடைய வேலை போய்விடும் என்று வீடு வீடாகச் சொன்னாராம். ஒரு வாங்கும் சும்மா கிடக்காது என்று எல்லா வீட்டிலும் வாக்குக் கொடுத்தார்களாம். எப்படி முடியும் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் நம்பினேன். பயந்தவனுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வேலை?

புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் வாங்குகள் நிறைந்திருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. கந்தசாமியின் இடத்தில், சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவன் தங்கை. உதுமானின் இடத்தில் அவனுடைய சாச்சா, தகப்பனின் தம்பி. கலியாணம் முடித்துச் சில வாரமே ஆனதால் மண்வெட்டி தூக்க வீட்டில் விடாத புதுமாப்பிள்ளை, அத்தர் மணக்க, முழங்கால் மேசைக்கடியில் போகாமல் பக்கவாட்டில் இருந்தார். பின் வாங்கில் இருமிக்கொண்டு ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத இரண்டு குழந்தைகள். எல்லாரும் நெற்றியை, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தார்கள்.

வித்தியாதரிசி சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள்ளால் வந்து சேர்ந்தார். பெயர் கூப்பிடச் சொன்னார். "கந்தசாமி" என்றேன். தங்கை எழும்பி, "அண்ணன் ஆத்துவாய்க்குப் போயிட்டான், சேர். அவனுக்கு நான்" என்றாள். "உதுமான்" என்றேன். புதுமாப்பிள்ளை பாதி எழும்பி, "அவன்ட சாச்சா, சேர். நேரத்தோட வந்திட்டன்" என்றார். என் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தபடி, "வந்திருக்கு எண்டு போடுங்க, தம்பி" என்று மெல்லச் சொன்னார். நான் பேனாவை மேசையில் வைத்தேன். பிறகு, இவர்கள் என் மாணவர்கள் இல்லை, என் மாணவர்கள் எல்லாரும் ஆற்றுவாயில் நிற்கிறார்கள் என்று வித்தியாதரிசியிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது.

அவர் வகுப்பைப் பார்த்து, யார் இவர்களை வரச் சொன்னது என்று கேட்டார். புதுமாப்பிள்ளைதான் பதில் சொன்னார்: "ஆரும் சொல்லல்ல, ஐயா. வயலுக்குப் போனாலும் ஆத்துவாய்க்குப் போனாலும் ஒருத்தனுக்கு ஏலாட்டி வீட்டில இன்னொருத்தன் போறதுதானே." வித்தியாதரிசி புத்தகத்தை அவரிடமே நீட்டினார். அவர் எழுத்துக் கூட்டி நாலு வரி வாசித்து, வேர்வையைத் துடைத்துவிட்டு, "நான் பாஸா, ஐயா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் பதில் தேவைப்பட்டது. வித்தியாதரிசி எதுவோ எழுதினார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளைகள் வராத வகுப்பை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன், மிஸ்டர். பிள்ளைகளுக்காக ஊர் வந்த வகுப்பை இன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் ஊரைச் சோதிக்க எனக்கு அதிகாரம் தரவில்லையே."

பதில்

ஆற்றுவாய் வெட்டி இரண்டாம் நாள் மைதானம் வெளியே தெரிந்தது. பயிர் தப்பியது. கந்தசாமி கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து, வித்தியாதரிசிக்கென்று வைத்திருந்த பாடத்தை ஒரு பிழையில்லாமல் வாசித்தான். கேட்பதற்கு நான் மட்டும் இருந்தேன்.

தையில் கடிதம் வந்தது. வேலையை நிரந்தரமாக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாக இருக்கலாம். அடுத்த சோதனை அடுத்த மார்கழியில். அப்பாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். எனக்கு அது பாதிச் செய்தி. ஊருக்கு அது முழு வெற்றி. வாத்தியாரின் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தெருவில் நின்று பேசினார்கள். புதுமாப்பிள்ளை என்னைக் காணும்போதெல்லாம் சக ஊழியரைப் போலத் தலையசைத்தார். தங்கம்மா ஒரு சட்டி எருமைத் தயிரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"பார்த்திங்களா, வாத்தியார், நாங்க ஆள் அனுப்பினபடியால் ஒரு வருசம் நீண்டிருக்கு. வாற மாரிக்கு இதைவிட நல்லா வாசிக்கிற ஆளாப் பார்த்து அனுப்புறம், நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்."

படிக்க ஒரு வகுப்பும் சோதனைக்கு வந்து இருக்க இன்னொரு வகுப்புமாக இரண்டு வகுப்பு வைத்திருக்கும் ஆசிரியன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்; வேலைதான் இன்னும் தற்காலிகம்.