மூன்றாம் தண்ணீர்

மதுரை ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் என் பெயரைக் கேட்கவில்லை. “கண்ணால என்னம்மா வேலை பாக்குறீங்க?” என்றுதான் கேட்டார்.

கூட நின்ற என் கணவர், “வீட்டு வேலைதாங்க. ஆக்குறது, அரிக்கிறது” என்றார்.

“எழுதுவேன்” என்றேன். “புரூப் திருத்துவேன். தவழுற வயசுல ஒரு மகன் இருக்கான், அவனப் பாத்துக்கணும்.”

“இதுல எது நுணுக்கமான வேலை?”

“மகன்தான் சார். புரூப்பு வச்ச எடத்துல கெடக்கும்.”

இந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தை எழுதுகிறவள் நான். அப்பாவின் அச்சாபீசில் பிழை திருத்தி எழுத்துக்குப் பழகியவள். என்னைப் பற்றிச் சொல்லும்படி வாசகிகள் சிலர் கேட்டிருந்தார்கள். டாக்டரிடம் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுதான் உண்டு. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அம்மை கண்டு கண் நோவோடு இதைப் படிக்கக் கேட்கும் யாருக்காவது பயன்படும் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பரவையில். சென்ற கோடையில் எனக்கு அம்மை கண்டது. எங்கள் பக்கம் அதை நோய் என்பதில்லை; ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகியபின் உள்ளே இருப்பவர் வெளியே போவதில்லை. மருந்து என்ற பேச்சே கூடாது. கொப்புளம் காய்ந்ததும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, சில நாள் இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா இறங்கியதாகக் கணக்கு. வீட்டார் சொன்னதற்காக அல்ல, நம்பியதால் நானும் படுத்திருந்தேன். மகனை நாகமலை புதுக்கோட்டையில் என் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம்.

முதல் தண்ணீர் ஊற்றிய மறுநாள் வலக்கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தியது. பிறகு வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்றார் கணவர். அதற்குள் இடக்கண்ணும் சிவந்துவிட்டது.

“அத்தை, கண்ணு போயிரும் போல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று மாமியாரிடம் சொன்னேன்.

“மூணு தண்ணி ஊத்தாம எப்பிடித் தாயி வாசப்படி தாண்டுவ?”

“அதுக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு” என்றார் கணவர்.

மாமியார் முற்றத்து வெயிலில் இருந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “மீதி ரெண்டையும் இன்னைக்கே ஊத்திருவோம். நீ போயி வண்டியப் பூட்டச் சொல்லு” என்றார்.

“அப்பிடி ஊத்தலாமா அத்தை?”

“ஊத்துறவ நானு. ஆத்தா கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும்.”

வலக்கண்ணைத் தம் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இரண்டாம் தண்ணீரை ஊற்றினார். தலை துவட்டி உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் படுக்கவைத்தார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் திறந்து, “விடிஞ்சிருச்சு தாயி, எந்திரி” என்றார். எழுந்து போய் மூன்றாம் தண்ணீரை வாங்கிக்கொண்டேன். ஈரத் தலையோடு வண்டியில் ஏறினேன்.

டாக்டர் இதைக் கருவிழிப் புண் (கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தில் வரும் புண்) என்றார். அட்ரோபின் (கண்மணியை விரித்துவைக்கும் சொட்டு மருந்து) விட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இரண்டு கண்களையும் கட்டினார்.

“அசையாமப் படுத்திருக்கணும். சாமிய மனசுல கும்பிட்டுக்கங்க. விழுந்து கும்பிடப்படாது.”

“கண்ணு ரெண்டும் வந்துருமா சார்?” என்றார் கணவர்.

“இடது தப்பிக்கும்னு நெனைக்கிறேன். பிந்தி வந்திருந்தா அதுவும் சந்தேகம். வலதுல பூ விழும் (புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நிற்கும்). வெளிச்சம் தெரியும், எழுத்துத் தெரியாது.”

அம்மைக்காரி என்பதால் வார்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தனியாகப் போட்டார்கள். மாமியார் உடன் இருந்தார். கட்டுக்குள் இரவு பகல் இல்லை. அவர் சொல்வதே பொழுது. “விடிஞ்சிருச்சு தாயி” என்பார். காப்பி வந்திருக்கும். அவருக்குக் காப்பி தேவைப்பட்டபோதெல்லாம் விடிந்தது. சில நாள் இரண்டு முறை விடிந்தது.

கட்டவிழ்த்ததும் டாக்டர் ஒரு பழைய பத்திரிகையை நீட்டினார். இடக்கண்ணால் படித்தேன். இரண்டாம் வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சொன்னதும், “இந்தக் கண்ணு பொழைச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

அம்மையில் கண் உறுத்தினால் தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். காத்திராமல் டாக்டரிடம் போங்கள். தண்ணீர் ஊற்றியாக வேண்டுமென்றால் என் மாமியார் ஊற்றியபடி ஊற்றுங்கள். அம்மன் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வலப்பக்கத்து உலகம் இப்போது எனக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. டம்ளரை வைக்கும் சத்தம் முதலில், வைத்த கை பிறகு. வீடு திரும்பிய புதிதில் வலப்பக்கமாகத் தவழ்ந்து வந்த மகனைக் காணாமல் நான் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது அவன் நடக்கிறான். என்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றபிறகுதான் கூப்பிடுகிறான். யாரும் சொல்லித் தரவில்லை.

நாலு பக்கம் எழுதினால் கண் களைத்துவிடுகிறது. கதவைச் சாத்திப் படுக்கிறேன். எழும்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. விடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தொடங்குகிறேன்.