கால்தான் போயிடுது

“தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. தோளைத் தளர்த்துங்க. ஆடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இடது கையால் முதுகுப்பக்கம் துழாவுகிறார் புகைப்படக்காரர். கையில் ஒரு சட்டைக் காலர் அகப்படுகிறது. காலருக்குள் அவருடைய ஆறு வயது மகள். விளக்குக் கம்பத்தில் பாதி ஏறியிருந்தவளைத் திரும்பிப் பாராமலே இறக்கிவிட்டுப் படத்தை எடுக்கிறார்.

பாஸ்போர்ட் அளவுப் படம்தான் அவருக்குப் பிழைப்பு. அதிகாரியிலிருந்து கைக்குழந்தை வரை அவர் சொல்லுக்குச் சிலையாகி விடுவார்கள், பெற்ற பெண்ணைத் தவிர. மனைவி நர்ஸ். அம்மா வேலை முடிந்து வரும்வரை மகளுக்குக் கடைதான் வீடு; பின்னால் தொங்கும் நீலத் திரைதான் ஊஞ்சல். ஒருநாள் வாடிக்கையாளர்களுக்கு வைத்திருந்த சீப்பு பிரிண்டருக்குள் கிடந்தது. கேட்டதற்கு, “அதுக்குத் தலை வாரினேன்பா” என்றாள்.

குறும்பு இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத சிக்கல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியர்.

“ரெண்டு போட்டா அடங்கிடும் சார்” என்றார் ஒருவர்.

“போட்டுப் பார்த்தேன் சார். ஆட்டம் நிக்கலை, சிரிப்புதான் நின்னுச்சு. கண்ணை நல்லாத் திறங்க” என்று வேலையைத் தொடர்ந்தார்.

போன வாரம் பள்ளி அடையாள அட்டைக்கு மகளின் படம் கேட்டார்கள். “ஒரு படத்துக்கு உக்கார மாட்டாளா? அப்புறம் இவளை எப்படிங்க டூருக்குக் கூட்டிட்டுப் போறது?” என்றார் ஆசிரியை.

மாலை முழுக்க எடுத்தார். ஒன்றில் காது மட்டும். ஒன்றில் வெறும் நாற்காலி. ஒன்றில் படம் கொள்ளாத மூக்கு. மகளுக்கு உதடு பிதுங்கியது.

“நான் உக்காந்துதான்பா இருக்கேன். கால்தான் போயிடுது.”

அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். “சரி, உக்கார வேணாம். குதி.”

குதித்தாள். மேலே போன உடம்பு கீழே இறங்குமுன் ஒரு கணம் தயங்குமே, அங்கே பிடித்துவிட்டார். முகம் நேராக, கண் திறந்து, முடி மட்டும் அந்தரத்தில்.

“முடி ஏங்க இப்படி நிக்குது?” என்றாராம் ஆசிரியை.

“முடியாவது நிக்குதேன்னு சந்தோஷப்படுங்க மேடம்.”

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டூர் பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது.

நேற்று மகள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தாள். “அப்பா, இன்னொரு வாட்டி குதிக்கலாம். இப்ப நீயும் வா!”

படத்துக்காக நாலைந்து பேர் காத்திருந்தோம். அவர் எங்களைப் பார்த்தார். தன் தொந்தியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குதித்தார்.